கோமுவுக்கு வந்த கடுதாசி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதை அல்ல, கட்டுரை. ஒரு மாநாட்டு மலருக்காகக் கேட்டார்கள். 'அண்டை நாடுகளின் அரசியல், பொருளாதாரம், சமூகநலம்: நூறாண்டுக்கு முந்தைய ஒரு பார்வை' என்று தலைப்பையும் அவர்களே வைத்துக் கொடுத்துவிட்டார்கள். தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. முடியாது என்று சொல்லத் தெரியாதவன் நான். அதற்காக என் வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

உட்கார்ந்து எழுதினேன். முதல் பத்தி இப்படிப் போயிற்று:

"ரங்கூன் பக்கம் விளைந்த அரிசி கப்பலேறி இலங்கைக்குப் போயிற்று. அதைத் தின்று மலையில் கொழுந்து கிள்ளியது திருநெல்வேலிச் சீமைக் கை. கிள்ளிய கொழுந்து லண்டனில் ஏலம் போயிற்று. எல்லாக் கரைக்கும் ராஜா ஒருவர்தான். ஆனால் பர்மாவை ஆண்டது இந்தியச் சர்க்கார், இலங்கையை ஆண்டது வேறொரு சர்க்கார், தென்காசியைத் தாண்டினால் திருவிதாங்கூர் மகாராஜா. இந்த ஏற்பாட்டில் கூலியாட்களின் நலம் யார் பொறுப்பில் இருந்தது என்று பார்த்தால்"

அங்கே நின்றுவிட்டது. பார்த்தால் என்ன தெரிகிறது என்று எனக்கே தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு பெண் வயல் வரப்பில் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கையில் ஒரு கடுதாசி. அதைத் தன் உடம்பில் படாமல், குழந்தை மேலும் படாமல், எட்டப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மலர்க்காரர்கள் மன்னிக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: "பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் இறங்கும் தாமிரபரணி"

வேண்டாம். எங்கள் ஊர்க்காரர்கள் எழுதுகிற கதையில் ஆறு முதல் வரியிலேயே பிறந்துவிடும், மனுஷர் பிறக்க மூன்றாம் பக்கம் ஆகும்.

இரண்டாம் தொடக்கம்: "1911ஆம் வருஷம் சித்திரை மாதம் சேரன்மகாதேவியில் வசிக்கும் கோமு என்கிற கூலிக்காரி"

இது கோர்ட்டில் கொடுக்கிற வாக்குமூலம். ஆனாலும் வருஷத்தையும் ஊரையும் வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் தொடக்கத்தில் கோமுவை விட்டுவிட்டு, அவள் யாரைத் தேடி வந்தாளோ அவளிடம் போனேன். அதுதான் நின்றது.

3

இன்பமணிக்கு முப்பத்திரண்டு வயது. மிஷன் பெண்பிள்ளைகள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவள். சேரன்மகாதேவியில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் இன்னும் சிலர் உண்டு. ஆனால் நாற்று நடுகிற பெண்கள் கூசாமல் வந்து நிற்கக்கூடியது அவள் வீட்டு வாசலில் மட்டும்தான். இலங்கை, ரங்கூன், பினாங்கு என்று எங்கிருந்து கடுதாசி வந்தாலும் பள்ளி விட்டதும் அவளிடம் வந்து சேரும். வாசித்துச் சொல்வாள், பதில் எழுதிக் கொடுப்பாள், நடுவே புத்தியும் சொல்வாள். புத்தியை மட்டும் யாரும் கேட்டதில்லை.

அன்று கோமு தனியாக வரவில்லை. பின்னால் தெருவே வந்தது. உறையின் ஓரத்தில் கறுப்பு தடவியிருந்ததுதான் காரணம்.

(தெரியாதவர்களுக்காக: சாவுச் செய்தி கொண்டுவரும் கடுதாசிக்கு ஓரத்தில் கறுப்பு தடவி அனுப்புவது வழக்கம். எழுத்துத் தெரியாத வீட்டுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும், ஆள் யாரென்பது மட்டும் வாசித்தால்தான் தெரியும். வாசித்த கையோடு கிழித்து, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் அது அடுத்த சாவைக் கூப்பிடும்.)

கோமுவுக்கு இலங்கையில் இரண்டு பேர் இருந்தார்கள். புருஷன் மாசானம் ஒருவன், ஏழு வயது மகள் உலகம்மாள் ஒருத்தி. போன வருஷம் மூன்று பேருமாகத்தான் கிளம்பினார்கள். கோமு அப்போது நிறைமாசம். தூத்துக்குடிப் பக்கத்தில் முகாமில் பார்த்த டாக்டர் அவளைக் கப்பலேற விடவில்லை. பேறு முடிந்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகப்பனும் மகளும் போனார்கள். பிள்ளை அங்கே கொழுந்து கிள்ளலாம், வயிற்றுக்குச் சோறு உண்டு என்று ஆள் சேர்த்த கங்காணி சொல்லியிருந்தான்.

கோமு கடுதாசியை நீட்டினாள்.

"ஆம்பளையா, பிள்ளையா? அத மட்டும் சொல்லுங்க வாத்தியாரம்மா."

இன்பமணி உறையைப் பிரித்தாள். க்ஷேமலாபம் எதுவும் இல்லை. முதல் வரியே செய்தியாக இருந்தது. வாய்விட்டு வாசித்தாள்:

"பத்தொன்பதாம் தேதி காலையில் மாசானம் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். செய்ய வேண்டியதெல்லாம் செய்து அடக்கம் பண்ணிவிட்டோம். பிள்ளையை"

அந்தப் பக்கம் அங்கே முடிந்தது. அதற்குமேல் வாசிக்க யாரும் விடவில்லை. கோமு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கூட வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஒருத்தி கத்தினாள்:

"கிழிச்சிப் போடுங்கம்மா! கையில வச்சிக்கிட்டு நிக்காதீங்க!"

இன்பமணி கிழித்தாள். தாளையும் உறையையும் சேர்த்துக் கிழித்தாள். கிழித்ததை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்து போய்க் கன்னடியன் கால்வாயில் போட்டாள். சித்திரையில் கால்வாயில் அவ்வளவு தண்ணீர் இருக்குமா என்று கேட்காதீர்கள். ஒரு கடுதாசியைக் கொண்டுபோகிற அளவுக்கு இருந்தது.

பொழுது சாய்ந்தபோது கோமு திரும்பி வந்தாள். அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

"பிள்ளையைன்னு என்னமோ வாசிச்சீங்களே. என்ன போட்டிருந்திச்சி?"

இன்பமணிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"பிள்ளையப் பத்திரமாப் பாத்துக்கிடுதோம்னு போட்டிருந்திச்சி கோமு," என்றாள்.

4

இந்த இடத்தில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. படித்த பெண், கிறிஸ்தவ வேதக்காரி. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்று ஒரு பிள்ளை வகுப்பில் சொன்னால் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துகிறவள். அவளா கிழிப்பாள்?

அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். கோமுவின் மாமியார் பிடுங்கிக் கிழிக்கிறாள். எழுதியதும் இன்பமணி நிம்மதியாக மூச்சு விட்டாள். அவள் விட்ட மூச்சைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. பழியை எழுத்தறியாத கிழவி தலையில் கட்டிவிட்டுப் படித்தவர்கள் தப்பித்துக்கொள்வது ரொம்பப் பழைய ஏற்பாடு. மாமியாரைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

கிழித்தது இன்பமணிதான். ஏன் என்றால், பயந்தாள். உறையைப் பிரித்தபோது அவள் கட்டைவிரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அத்தனை பேரும் அந்த விரலையே பார்த்தார்கள். அவள் குடும்பம் வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அந்தக் கறுப்பு அதற்கும் முந்தியது.

இன்னொரு சந்தேகம், இது உங்களுடையது. சேரன்மகாதேவியைச் சுற்றி நெல் பொங்கி விளைகிறதே, கடல் தாண்டிப் போவானேன்? விளைந்தது. வயல் இருந்தவர்களுக்கு விளைந்தது. மாசானத்துக்கு இருந்தது இரண்டு கை. கையைக் கேட்டவன் இலங்கையில் இருந்தான்.

5

சாவுச் சடங்குக்குப் பதினாறு நாள். அதுவரை கோமு ஊரைவிட்டு நகர முடியாது. அந்தப் பதினாறு நாளுக்குள் உலகம்மாள் எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டால், தான் சொன்ன பொய் உண்மையாகிவிடும் என்று இன்பமணி நினைத்தாள். பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் முதலில் நினைப்பது அதுதான். நான் தொழிலாகவே செய்கிறேன், எனக்குத் தெரியும்.

கோமுவிடம் ஒரு பழைய கடுதாசி இருந்தது. நல்ல சேதி வந்த கடுதாசி என்பதால் பத்திரமாக இருந்தது. அதில் தோட்டத்தின் பெயரும் இருந்தது. ஆனால் தை மாசமே வேறு தோட்டத்துக்கு மாறிப் போகிறேன் என்று மாசானம் சொல்லியனுப்பியிருந்தான். எந்தத் தோட்டம் என்பது கிழிந்துபோன தாளில் இருந்திருக்கும். இன்பமணி பழைய தோட்டத்துக்கு ஒரு கடுதாசி போட்டாள், பதில் வரவில்லை. கொழும்புக்குப் பாய் கொண்டுபோய் விற்கிற காஜா முகைதீன் பத்தமடையில் இருந்தார். சனிக்கிழமை நடந்தே போய் அவரைப் பார்த்தாள்.

"கொழும்பு எனக்கு நம்ம வீதி மாதிரிதான்மா. ஆனா பிள்ளை மலையிலல்லா இருக்கு? மலையில தோட்டம் ஆயிரத்துக்கு மேல உண்டும்மா. பேரு இருந்தா சொல்லுங்க, இன்ஷா அல்லாஹ் ஆள் விட்டு விசாரிக்கேன்," என்றார்.

பெயர்தான் இல்லை.

கடைசியாகத் திருநெல்வேலிக்கு ரயிலேறினாள். இலங்கைக்குப் போகிற ஆட்களின் காகிதங்களைப் பார்க்கிற ஓர் ஆபீசில் அப்பாத்துரை குமாஸ்தாவாக இருந்தான். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் அவளிடம் படித்தவன். இன்னும் அவளைக் கண்டால் எழுந்து நிற்பான்.

"எந்தத் தோட்டம்க்கா?"

"அது தெரிஞ்சா உங்கிட்ட எதுக்குலே வாரேன்?"

"கடுதாசியக் கொண்டாங்க. உறையில முத்திரை இருக்கும்லா? எந்தத் தபாலாபீசுன்னு தெரிஞ்சா போதும், மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

இன்பமணி மேஜையைப் பார்த்தாள். அதன்மேல் இரண்டு உறைகள் கிடந்தன. ஒன்று இலங்கையிலிருந்து வந்தது, ஒன்று இங்கிருந்து போக வேண்டியது. இரண்டு தபால்தலையிலும் ஒரே ராஜாவின் முகம்.

"கடுதாசி இல்ல."

"தொலஞ்சி போச்சா?"

"ஆமா."

அப்பாத்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தான். சிலேட்டைத் தொலைத்த பிள்ளையை அவள் இரண்டு ஞாயிறு வெளியே நிறுத்துவாள் என்பது அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"சரிலே, கடுதாசி இல்லாம யாருகிட்ட மனு போட?" என்று கேட்டாள் அவள். "ராஜா ஒருத்தர்தான? ஒரு பிள்ளைய அங்கேருந்து இங்கன கொண்டுவர ஒரு சர்க்காரும் இல்லையா?"

"கோவிக்காதீங்க. இங்கன உள்ள சர்க்காருக்கு அவ இலங்கையில இருக்கா. அங்கன உள்ள சர்க்காருக்கு அவ இந்தியாக்காரி. தோட்டத்துக்கு அவ மாசானத்தோட மக, மாசானம் இருந்த வரைக்கும்தான். ஏழு வயசுப் பிள்ளைக்கு யாரு பொறுப்புன்னு நீங்க கேக்குதீங்க. நான் எந்தக் காகிதக் கட்ட அவிழ்த்துப் பாக்கன்னே தெரியலக்கா."

(என் கட்டுரை 'பார்த்தால்' என்று எங்கே நின்றதோ, அதை அப்பாத்துரை முடித்து வைத்துவிட்டான். மலருக்கு இதையே அனுப்பியிருக்கலாம்.)

6

இப்போது நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பது தெரிகிறது. கடுதாசியை எழுதியதே நீதானே, பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாதா, கடைசியில் சொல்வதற்காக ஒளித்து வைத்திருக்கிறாயா?

சத்தியமாக இல்லை. அவள் கிழித்த இடம்வரைதான் நானும் எழுதினேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை:

பிள்ளையை அடுத்த கப்பலில் தெரிந்தவர்களோடு ஏற்றி அனுப்புகிறோம், தூத்துக்குடிக்கு வந்து

பிள்ளையை இங்கே பிள்ளையில்லாத ஒரு குடும்பம் எடுத்து வளர்க்கக் கேட்கிறது, சம்மதமா என்று

பிள்ளையையும் அதே காய்ச்சல்

மூன்றையும் முடிக்கவில்லை. முதலாவது உண்மையென்றால் யாரும் போய் நிற்காத துறைமுகத்தில் அந்தப் பிள்ளை இறங்கியிருக்கும். இரண்டாவதென்றால் பதில் வராததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவதை எழுதிய பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். கற்பனைப் பிள்ளைதான். இருந்தாலும் ஏழு வயது.

7

பதினாறாம் நாள் கழிந்த மறுநாள் காலை, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் கோமு வந்தாள். வியாழக்கிழமை ஒரு கங்காணி ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போகிறானாம். தானும் போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். மகளைப் பத்திரமாக வைத்திருக்கிறவர்களிடமிருந்து கூட்டிவர வேண்டுமே.

இன்பமணி இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோமு, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். பத்திரமாப் பாத்துக்கிடுதோம்னு அதுல நான் வாசிக்கல. அதுக்குள்ள கிழிச்சிட்டேன். பின்னால என்ன எழுதியிருந்திச்சின்னு எனக்குத் தெரியாது. எந்தத் தோட்டம்னும் தெரியாது."

அவள் எதிர்பார்த்தது ஏச்சு, அல்லது அழுகை. கோமு குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க தாளத் திருப்பவே இல்லையே வாத்தியாரம்மா. எனக்கு எழுத்துத்தான் தெரியாது. தாளுக்கு ரெண்டு பக்கம் உண்டுன்னு தெரியும்."

இன்பமணி மேஜையிலிருந்து கையை எடுத்தாள்.

"தெரிஞ்சா ஏன்ட்டி சும்மா இருந்த? இத்தனை நாளா என்னைய ஒரு வார்த்த கேக்கலியே?"

"கேட்டா இல்லன்னு சொல்லிருவீங்க. அவ நல்லாருக்கான்னு ஒருத்தராவது சொல்லணும்லா? நீங்க சொன்னீங்க. அத வச்சிக்கிட்டுத்தான் பதினாறு நாளும் கஞ்சி குடிச்சேன்."

இன்பமணி அழுதாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று வாத்தியாரம்மா அழுவதைப் பார்த்துவிட்டு ஓடினார்கள். அதையும் அவள் பொருட்படுத்தவில்லை.

அழுது முடித்ததும் புத்தி சொல்லத் தொடங்கினாள், பழக்கதோஷம். வேலைக்கென்று சேர்ந்தால் அவர்கள் கொண்டுபோய் விடுகிற தோட்டத்தில்தான் கிடக்க வேண்டும். நினைத்த இடத்துக்கெல்லாம் போய்த் தேட விடமாட்டார்கள். கைப்பிள்ளையை வேறு வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டாள்.

"அங்கன சந்தை கூடும்லா?" என்றாள் கோமு. "கோயில் கொடை வரும்லா? நாலு தோட்டத்துச் சனம் வரும். பையப் பையக் கேட்டுக்கிடுதேன். இங்கன இருந்தா யாருகிட்டக் கேக்க?"

8

முடிவுகள். ஒரு கதைக்கு மூன்று எழுதிப் பார்ப்பது என் வழக்கம்.

முதல் முடிவில் கோமு போய் இறங்குகிற தோட்டத்திலேயே உலகம்மாள் இருக்கிறாள், ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். ஆயிரத்துச் சொச்சம் தோட்டத்தில் சரியாக அந்த ஒன்று. மலர்க்காரர்கள் படம் போட்டு வெளியிடுவார்கள்.

இரண்டாவதில் கோமு ஏறுகிற அதே ரயிலிலிருந்து உலகம்மாள் இறங்குகிறாள். இதை எழுதி இரண்டு நாள் வைத்திருந்தேன். வாசிக்கும்போதெல்லாம் கண் கலங்கியது. அவ்வளவு லேசாகக் கலங்க வைக்கிற ஒன்றை நம்பக் கூடாது என்று அடித்தேன்.

மூன்றாவதில் இன்பமணி வேலையை விட்டுவிட்டுத் தானே இலங்கைக்குக் கிளம்புகிறாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது கதை இன்பமணியின் பாவம் தீர்வதைப் பற்றியதாகிவிடுகிறது. அவள் பாவம் தீர்ந்தால் என்ன, தீராவிட்டால் என்ன? காணாமல் போனது கோமுவின் பிள்ளை.

9

வியாழக்கிழமை காலை சேரன்மகாதேவி ரயில் நிலையம். கங்காணியின் ஆட்கள் மூட்டைகளோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். இன்பமணி பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுத் தாளும் மைக்கூடும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கோமுதான் கேட்டிருந்தாள். அங்கே யாராவது படித்தவர்கள் எதிர்ப்பட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

இன்பமணி பெஞ்சில் உட்கார்ந்து, 'மகாகனம் பொருந்திய துரையவர்கள் சமூகத்துக்குத் தங்கள் தாழ்மையுள்ள' என்று தொடங்கினாள். எழுத எழுதச் சத்தமாக வாசித்தாள். கோமு கையை நீட்டி மறித்தாள்.

"அதெல்லாம் வேண்டாம். துரைமாரு வாசிக்க மாட்டாவ. சந்தைக்கு வந்தவன் சாமான் தூக்கிக்கிட்டு நிப்பான். நின்ன நிலையில வாசிக்கணும். நாலு வரி போதும்."

"என்னன்னு எழுத?"

கோமு தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னாள். அவள் சொன்னபடியே இன்பமணி எழுதினாள். புத்தி சொல்லவில்லை, திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. இந்தக் கதையில் நான் இரண்டாம் முறை எழுதிப் பார்க்காதது இது ஒன்றுதான்:

உலகம்மாள். வயசு ஏழு.
அப்பன் மாசானம், செத்துப்போனான்.
ஊர் சேரன்மகாதேவி.
அவள் அம்மை வந்திருக்கிறாள்.

"இன்னும் போகவே இல்லையே கோமு. வந்திருக்கான்னு எழுதச் சொல்லுத?"

"அவுக வாசிக்கிற நேரம் நான் அங்கன நிப்பேன்லா?"

ரயில் வந்தது. கோமு தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். இன்பமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். நடைமேடை முடிந்ததும் நின்றாள். நானும் அங்கேதான் நிற்கிறேன். கடலுக்கு அப்பால் நடந்ததைச் சொல்ல எனக்குக் கப்பல் சீட்டு கிடையாது.

எந்தச் சந்தை, எந்தக் கோயில் கொடை என்று தெரியவில்லை. ஆனால் அந்தத் தாள் கைமாறிக் கைமாறி உங்களிடம் வந்திருக்கிறது. நாலு வரிதான், வாசித்து முடித்துவிட்டீர்கள். இடுப்பில் பிள்ளையோடு எதிரே நிற்கிறவள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.